ஒரே ஒரு வசனம்

எண்பத்தொன்பதாம் வருஷம் பூந்தமல்லியில் ஒரு பழைய வீட்டில் சினிமா ஷூட்டிங் நடந்தது. வயதான அம்மா வேஷத்துக்கு ஆள் கேட்டார்கள் என்று, மேனாம்பேட்டிலிருந்து வேம்புலியம்மாளை அழைத்துப் போனாள் பக்கத்து வீட்டு புஷ்பா.

"சிரிப்புப் படந்தான்க்கா. பயப்படாத."

படத்தில் அம்மா கோபித்துக்கொண்டு தனியாக இருக்கிறாள். மகன் வந்து வீட்டுக்குக் கூப்பிடுகிறான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "வரமாட்டேன் போடா" என்று விரட்ட வேண்டும். அவ்வளவுதான்.

மகனாக நடித்த பையன் அவள் கையைப் பிடித்து, "வாம்மா, வீட்டுக்குப் போலாம்" என்றான்.

வேம்புலியம்மாள் எழுந்து, புடவையை உதறிக்கொண்டு அவன் பின்னால் நடந்தாள்.

எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாம் தடவை, "இதோ வந்துட்டேம்பா" என்றாள். கேமராக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். டைரக்டர் மட்டும் பொறுமையாகக் குனிந்து, "கோவமா, வரமாட்டேன்னு சொல்லணும் பெரியம்மா" என்றார்.

"புள்ள கூப்புடுது. எப்டிப்பா சொல்றது?"

அடுத்த தடவை அவளுக்கு வாயே திறக்கவில்லை. கூட்டத்தில் நின்ற வேறொரு அம்மாளை உட்காரவைத்தார்கள். அவள் கணீரென்று சொல்லி முடித்தாள். கைதட்டினார்கள்.

அதே வார்த்தையை வேம்புலியம்மாளும் ஒருமுறை சொன்னவள்தான். மகன் கஜபதி வெள்ளானூரில் வீடு கட்டிக் குடிபோகும்போது, கூடவே வந்து இருக்கச் சொல்லிக் கூப்பிட்டான். மருமகள் நேரில் வந்து கூப்பிடவில்லையே என்று இவளுக்கு ஆத்திரம். "நான் வர்ல, போடா" என்றுவிட்டாள். அதன்பிறகு அவன் பொங்கலுக்கு வந்தான், தீபாவளிக்கு வந்தான். அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவேயில்லை.

புஷ்பாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அவள் ஆவடி பஸ் ஏறினாள். அங்கிருந்து வெள்ளானூர்.

"இன்னா அத்தே, சொல்லாம கொள்ளாம?" மருமகள் சுசீலா பதறிப்போனாள். "ஒடம்புக்கு எதுனா?"

"ஒண்ணுமில்லம்மா. சும்மா பாத்துட்டுப் போலாம்னு."

காபி கொடுத்து வீட்டைச் சுற்றிக் காட்டினாள் சுசீலா. பின்பக்கம் புதிதாக ஓர் அறை எழுப்பியிருந்தார்கள். வேம்புலியம்மாள் உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"வாடகைக்கு உட்டுக்கீறோம் அத்தே. ஃபேக்டரிப் பசங்க."

"நல்லா கீது" என்றாள்.

வேலை முடிந்து வந்த கஜபதி, ஷூட்டிங் கதையைக் கேட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான்.

"அவன் கூப்ட்டவுடனே எழுந்து போய்ட்டியா? ஐயோ அம்மா!"

"ஆமாண்டா. போய்ட்டேன்" என்று அவன் முகத்தையே பார்த்தாள். அவன் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தான். அவளும் சிரித்தாள்.

இருட்டத் தொடங்கியதும், "ஏறு, பஸ் ஏத்தி உடறேன்" என்று ஸ்கூட்டரை எடுத்தான். ஆவடி வரைக்கும் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஞாயித்துக்கெழம வரேம்மா."

"மீன் வாங்கவா?"

"வாங்கு."

சொன்னபடியே வந்தான். வயிறாரச் சாப்பிட்டு, பாயை விரித்துப் படுத்தவன் அயர்ந்து தூங்கிவிட்டான். பாத்திரங்கள் அப்படியே கிடந்தன. துலக்கினால் சத்தம் கேட்டு எழுந்து கிளம்பிவிடுவான் என்று, வேம்புலியம்மாள் சுவரில் சாய்ந்து அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.