பதில் குரல்

1

இது இரங்கல் உரையாகத்தான் தொடங்கியது. கார்லிஸ் செவ்வாய்க்கிழமை இறந்தாள். நாளைக் காலையில் அடக்கம். "ரெண்டு நிமிஷம் பேசு வெர்லீன். அதுக்கு மேல போனா பாஸ்டர் தொண்டையைச் செருமுவாரு" என்று எங்கள் தோழி ஆர்டித் தொலைபேசியில் சொன்னாள். காலைச் சாப்பாட்டுத் தட்டை ஒதுக்கி வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். இப்போது மதியம் தாண்டிவிட்டது. இரங்கல் உரையில் 'அப்புறம் என்ன ஆச்சு?' என்று யாரும் கேட்பதில்லை. நான் எழுதியதில் அந்தக் கேள்வி எப்படியோ புகுந்துவிட்டது. இனி இது கதைதான்.

முதல் தொடக்கம்: "கார்லிஸ் பிறவித் தலைவி —"

அடித்துவிட்டேன். கூட்டத்தில் பேச வேண்டிய நாட்களில் அவள் குளியலறைக்குப் போய் வாந்தி எடுத்துவிட்டு வருவாள். பிறவித் தலைவிகள் அப்படிச் செய்வார்களா, தெரியவில்லை.

இரண்டாம் தொடக்கம்: "எண்பத்தாறாம் ஆண்டு வசந்த காலத்தில், அலபாமாவில் கறுப்பின மாணவர்கள் படிக்கும் ஒரு சிறிய கல்லூரியில் —"

தகவல் சரி. ஆனால் அரசாங்க அறிக்கை போல இருக்கிறது.

மூன்றாவது: "என் கை அவள் தோளில் இருந்தது."

இது நிற்கட்டும்.

2

கல்லூரியில் எங்கள் சகோதரிச் சங்கத்தில் சேரும் பெண்கள் உயர வரிசையில் நிற்க வேண்டும். முன்னால் நிற்பவள் தோளில் கை வைக்க வேண்டும். நாங்கள் சேர்ந்த ஆண்டில் ஆர்டித் எல்லோரையும்விடக் குள்ளம். அவளுக்குப் பின்னால் கார்லிஸ், கார்லிஸுக்குப் பின்னால் நான். வகுப்புக்கும் சாப்பாட்டுக்கும் அதே வரிசையில்தான் போனோம். சேர்ந்து முடித்த பிறகும் அது விடுவதில்லை; சாகும்வரை அவள் என் முன்னவள், நான் அவள் பின்னவள். கல்யாணத்துக்கு முன் தன் மாப்பிள்ளையிடம் கார்லிஸ் என்னை, "இவதான் என் பின்னாடி நிக்கிறவ" என்று அறிமுகப்படுத்தினாள். பாவம், அவர் அவள் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்களுக்கு ஓர் அழைப்புக் குரல் உண்டு. ஒருத்தி கொடுத்தால் காதில் விழுந்த அத்தனை பேரும் பதில் குரல் கொடுக்க வேண்டும். மழையில் ஓடிக்கொண்டிருந்தாலும் சரி, குளித்துக்கொண்டிருந்தாலும் சரி. பதில் இல்லாமல் ஒரு குரல் போனதாக நான் கேட்டதே இல்லை.

(அந்தக் குரலை எழுத்தில் தரமாட்டேன். மன்னியுங்கள், அது எங்களுடையது. தொண்டையின் அடியிலிருந்து நீளமாக எழும் என்பது போதும். பதில் குரல் குட்டையானது.)

3

எங்கள் கல்லூரியில் பெண்களுக்குக் கிரீடம், ஆண்களுக்கு நாற்காலி. ஒவ்வொரு வசந்தத்திலும் கல்லூரி ராணியாக ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுப்பார்கள். மாணவர் பேரவைத் தலைவராக ஓர் ஆணை. அப்படி விதி எதுவும் இல்லை. அப்படியே நடந்து வந்தது. எங்கள் சங்கம் ஆண்டுதோறும் ராணிப் போட்டிக்கு ஒருத்தியை நிறுத்தும். அந்த ஆண்டு ஆர்டித். அவளுடைய தேவாலயப் பெண்கள் ஏற்கெனவே கவுனுக்கு மணி கோக்கத் தொடங்கியிருந்தார்கள்.

அப்போதுதான் கார்லிஸ் தலைவர் பதவிக்கு மனுப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை, மீன் வறுவல் நாள். உணவுக்கூடத்தில் மூவரும் உட்கார்ந்திருந்தோம்.

"உனக்கென்னடி பைத்தியமா?" என்றாள் ஆர்டித். "அந்த நாற்காலில அப்படி என்ன இருக்கு?"

"நம்ம விடுதி வாசல்ல விளக்கு எரிஞ்சு எத்தன மாசமாச்சு? யாரக் கேட்டாலும் 'பாப்போம், பாப்போம்'. பேரவைல ஒரு பொண்ணு கெடையாது. கிரீடத்த வெச்சு விளக்குப் போட முடியுமா?"

"கல்லு வெச்ச கிரீடம்டி. அதுவே மின்னும்."

சிரித்துக்கொண்டிருக்கும்போதே தாடியஸ் தட்டோடு வந்து உட்கார்ந்தான். அவனும் தலைவர் வேட்பாளர். வளாகத்திலேயே பெரிய ஆண்கள் சங்கத்துக்கும் அவன்தான் தலைவன்.

"ஆர்டித், எங்க பசங்க ஓட்டு பூரா உனக்கு" என்றான். "நீதான் ராணி, எழுதி வெச்சுக்கோ. பதிலுக்கு ஒண்ணே ஒண்ணு. வியாழக்கிழமை மேடைல கார்லிஸ் பேசறப்ப உங்க சங்கத்துக் குரல் கேக்கக் கூடாது. ஒருத்தி தொண்டையத் தொறந்தாலும் பேச்சு முறிஞ்சுது."

எங்கள் குரல் எழுந்தால் மற்ற பெண்களும் அவள் பக்கம் சாய்வார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

"நான் இங்கதான் உக்காந்திருக்கேன்" என்றாள் கார்லிஸ்.

"தெரியும். பின்னாடி பேசற பழக்கம் எனக்கில்ல."

[தாடியஸை வில்லனாக்கப் பார்த்தேன். இரண்டு வரைவுகளில் அவனுக்கு மெல்லிய மீசையும் எண்ணெய்ச் சிரிப்பும் கொடுத்தேன். ஒட்டவில்லை. அவன் மரியாதையானவன், அதுதான் சிக்கலே. கத்துகிறவனை எதிர்ப்பது சுலபம். நாளை அடக்கத்துக்குப் பூங்கொத்தோடு வருவான், அதையும் சொல்லிவிடுகிறேன்.]

4

மறுநாள் சங்கக் கூட்டத்தில் ஆர்டித் எதுவும் கேட்கவில்லை. கவுன் தைக்கிற பெண்களைப் பற்றி மட்டும் பேசினாள். அவளுடைய அத்தை கண்ணாடி போட்டுக்கொண்டும் ஊசியில் நூல் கோக்க முடியாமல், மணிகளை நிறம் பிரித்துத் தருகிறாளாம். அது போதுமாயிருந்தது.

கைகள் எழுந்தன. மேடையில் கார்லிஸ் பேசும்போது யாரும் அழைப்புக் குரல் கொடுப்பதில்லை என்று முடிவாயிற்று. கார்லிஸ் மட்டும் கை தூக்கவில்லை.

"அப்ப, யாரும் எனக்காகக் கூப்பிட மாட்டீங்க. அவ்வளவுதானே?"

"ஓட்டு உனக்குத்தான்டி போடுவோம்" என்றாள் ஆர்டித். "சத்தம் மட்டும் வேண்டாம்."

"அவ்வளவுதானேன்னு கேட்டேன்."

"அவ்வளவுதான்."

கார்லிஸ் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை அன்று நாங்கள் எல்லோரும் தவறாகப் படித்தோம்.

5

வியாழக்கிழமை அரங்கம் நிரம்பிவிட்டது. தாடியஸ் பேசி முடித்ததும் அவனுடைய சங்கத்துச் சகோதரர்கள் பூட்ஸ் காலால் தரையை மிதித்தார்கள். என் நாற்காலி நடுங்கியது.

கார்லிஸ் கைக்குட்டையால் வாயைத் துடைத்தபடி மேடையேறினாள். எங்கிருந்து வருகிறாள் என்று எனக்கும் ஆர்டித்துக்கும் தெரியும். விடுதி வாசல் விளக்கிலிருந்து ஆரம்பித்தாள். நான்கு வாக்கியம்கூடத் தாண்டியிருக்காது, பையன்கள் பக்கமிருந்து ஒரு கத்தல்.

"ராணிப் போட்டி பக்கத்து ரூம்ல, தங்கச்சி!"

அந்தப் பக்கம் சிரிப்பு. ஏன், பெண்கள் பக்கமும்தான். கார்லிஸ் நின்றுவிட்டாள். பேச்சு மறந்துபோனது அவள் கைகளில் தெரிந்தது; இல்லாத ஒரு காகிதத்தைத் தேடின. எங்கள் வரிசையைப் பார்த்தாள். சங்கத்து ஊதா, வெள்ளி நிற உடையில், வாயைப் பூட்டிக்கொண்டு, நாங்கள். தாடியஸ் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். முன் வரிசைப் பேராசிரியர் ஒருவர் கைக்கடிகாரத்தைத் திருப்பி மணி பார்த்தார்.

இந்த இடத்தில் கதைக்கு ஒரு குரல் வேண்டும்.

அ) நான் எழுந்து குரல் கொடுக்கிறேன். எழுதிப் பார்த்தேன், அழகாக வந்தது. கார்லிஸ் இருந்திருந்தால், "நீ எப்படி இருந்தேன்னு எனக்குத் தெரியாதா? கைப்பையக் கட்டிப் புடிச்சிட்டு உக்காந்திருந்த" என்று அந்த வரியை அடித்திருப்பாள்.

ஆ) ஆர்டித் கவுனை மறந்து எழுந்து —

வேண்டாம். நடந்ததையே சொல்கிறேன்.

குரல் மேடையிலிருந்து வந்தது. கார்லிஸே கொடுத்தாள். வேட்பாளர் கூட்டத்தில், மைக்கை ஒரு கையால் தள்ளிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, தொண்டையின் அடியிலிருந்து.

கூப்பிடுவதில்லை என்றுதான் நாங்கள் கை தூக்கியிருந்தோம். பதில் கொடுப்பதில்லை என்று யாரும் சொல்லவில்லை.

நான் மூச்சை இழுப்பதற்குள் பதில் போய்விட்டது. எனக்கு ஓர் இருக்கை தள்ளி, எங்களில் மிகக் குள்ளமான பெண்ணிடமிருந்து. பிறகு எல்லோரும்.

(கார்லிஸ் வென்றாள். ஆர்டித் தோற்றாள். விடுதி வாசலில் விளக்கு எரிந்தது. அந்தக் கவுனை ஆர்டித் எங்குமே உடுத்தவில்லை.)

6

இதுவரை எழுதியதைச் சற்று முன் ஆர்டித்துக்குத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன்.

"நான் என்னமோ தியாகம் பண்ணின மாதிரி எழுதியிருக்கியே!" என்றாள். "அவளுக்காகவெல்லாம் நான் பதில் குடுக்கல. தொண்டை தானா தொறந்துருச்சு. கொட்டாவி மாதிரி. தொறந்த பெறகுதான் கவுன் ஞாபகம் வந்துது. அன்னிக்குப் பூரா அவள வாயார வைதேன்."

"அவகிட்ட சொன்னியா?"

"சொன்னேனே. சிரிக்கிறா. 'தெரிஞ்சுதானேடி கூப்ட்டேன்'ங்கறா."

அன்பா, வெறும் பழக்கமா? கட்டுரையாக இருந்தால் இங்கே இரண்டு பத்தி எழுதியிருப்பேன். கார்லிஸ் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. பதில் வரும் என்று மட்டும் நம்பினாள். நானும் அதோடு —

7

முடிவு பாக்கி இருக்கிறது.

நாளை சங்கத்து வழக்கப்படி வெள்ளை உடுத்தி, பழைய உயர வரிசையில் நிற்போம். கார்லிஸின் இடத்தை மூடக்கூடாது. ஆர்டித்துக்கும் எனக்கும் நடுவே ஓர் ஆள் இடைவெளி இருக்கும். கடைசியில் அவள் பெயரைச் சொல்லி ஒருத்தி அழைப்புக் குரல் கொடுப்பாள். அதற்கு மட்டும் நாங்கள் பதில் தரக்கூடாது. இப்போது பதில் சொல்ல வேண்டியவள் அவள். அந்த மௌனத்தோடு பெட்டியை மூடுவார்கள்.

"எனக்கு பயமாருக்குடி" என்றாள் ஆர்டித். "இந்தத் தொண்டைய நம்ப முடியாது. கொட்டாவிய எப்படி அடக்கறது?"

"உன் தோள்ல கை வெக்கறேன்."

"எட்டுமா? நடுவுல அவ எடம் இருக்கே."

"நான் உயரம்."

அவள் மூக்கை உறிஞ்சிவிட்டு, "எட்டிப் பாரு" என்றாள்.

முடிவை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் அந்த மௌனம் வருகிறது, மூன்றிலும் பெட்டி மூடுகிறது. அதற்கு மேல் என் கை போக மறுக்கிறது. ஆகவே அதை எழுதப் போவதில்லை. தேவாலயத்தில் நீங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள். அவளை இப்போது உங்களுக்கும் தெரியும். பதில் தரக்கூடாதென்று எங்களைக் கட்டும் வழக்கம் உங்களைக் கட்டாது. நீங்கள் எதற்கும் கை தூக்கவில்லை.

குரல் எழுகிறது.