அக்கரைக் குரல்

“இவ்ளோ நேரமாக் கூப்பிடறாங்களே, அந்தப் பக்கம் யாருமே இல்லையாப்பா?”

பள்ளிக்கூடம் விட்டு நேரே கடைக்கு வந்து உட்கார்ந்திருந்த சௌந்திரம் அன்றைக்குக் கேட்டது இவ்வளவுதான். கேட்டுவிட்டு அவள் கடலை மிட்டாய் வாங்க ஓடிவிட்டாள். அவள் அப்பா சுவாமிநாதனுக்குத்தான் அதன் பிறகு இருப்புக் கொள்ளவில்லை.

அது எண்பத்து மூன்றாம் வருடம். சேலம் அம்மாபேட்டையில் சுவாமிநாதன் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தார். வெற்றுக் கேசட்டைக் கொடுத்து வேண்டிய பாட்டுகளைச் சொன்னால், இசைத்தட்டிலிருந்து எடுத்துப் பதிந்து கொடுப்பார். அன்று குழந்தை காதில் விழுந்தது சினிமாப் பாட்டு அல்ல. மோகனூர் அப்புசாமி கொண்டுவந்து கொடுத்திருந்த இசைத்தட்டின் கடைசித் துண்டு.

அப்புசாமி கரும்பு விவசாயி வீட்டுப் பிள்ளை. ஆர்கன் வாசிக்கக் கற்று, பெங்களூர் ஓட்டல்களில் வாசித்துக்கொண்டிருந்தவர். அங்கே ஒரு சாக்சபோன்காரரையும் டிரம்ஸ்காரரையும் சேர்த்துக்கொண்டு ‘பரிசல்’ என்று ஒரு தட்டுப் போட்டிருந்தார். ஜாஸும் நம் ராகங்களும் கலந்த இசை. தட்டு முழுக்க ஒரே கதை. பூமியிலிருந்து ஒரு விண்கலம் கிளம்புகிறது. நட்சத்திரங்களுக்கு நடுவில் வழி தவறுகிறது. கடைசியில் வீடு இருக்கும் திசையைப் பார்த்துக் கூப்பிடுகிறது. வார்த்தை ஒன்றுகூடக் கிடையாது. அட்டையில் கறுப்பு வானத்தில் ஒரு பரிசல் தனியாக மிதந்தது.

“ஜனங்க கேக்கட்டும் சாமிநாதா,” என்று சொல்லியிருந்தார் அப்புசாமி. “என்ன சொல்றாங்களோ அதை அப்படியே எங்கிட்டச் சொல்லு, மெழுகாத. ஆடிக்கு வாரேன். ஒருத்தர் மனசுலயும் ஒட்டலைன்னா ஆர்கனை மூடிப்போட்டு அப்பன் கூடக் கரும்புக் காட்டுக்குப் போயிர்றேன்.”

இதைக் கேட்கத்தான் வருகிறோம் என்று கடைக்கு யார் வருவார்கள்? சுவாமிநாதன் ஒரு வழி கண்டுபிடித்தார். கேட்ட பாட்டெல்லாம் பதிந்த பிறகு கேசட்டில் கொஞ்சம் நாடா மிஞ்சும். அதை வெறுமையாக விடாமல், தன் இஷ்டத்துக்கு நல்ல பாட்டாக ஒன்றை நிரப்பிக் கொடுப்பது ரெக்கார்டிங் கடைக்காரர்களின் வழக்கம். அந்த இடத்தில் அவர் ‘பரிசலின்’ கடைசித் துண்டைப் பதிந்து அனுப்ப ஆரம்பித்தார். யாரிடமும் சொல்லவில்லை. கேட்காததைத் தலையில் கட்டுவது சரியில்லை என்று மனசு குத்திக்கொண்டே இருந்தது. இருந்தும் செய்தார்.

முதலில் வந்து நின்றவர் வெள்ளியங்கிரி. திருச்செங்கோட்டு போர்வெல் லாரி டிரைவர்.

“ஏனுங்க, கேசட்டுக் கடைசீல என்னத்தைங்க போட்டு உட்டிருக்கீங்க? வண்டில என்னமோ கழண்டுக்கிச்சுன்னு ஓரங்கட்டி, பானட்டைத் தூக்கிப் பாத்தேனுங்க. கிளீனர் சிரியா சிரிக்கறான்.”

“அழிச்சுக் குடுத்துடட்டுங்களா?”

வெள்ளியங்கிரி தலையைச் சொறிந்தார். “வேண்டாங்க, கெடக்கட்டும். ஒரு நேரம் நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா முடிவே இல்லாம நின்னுபோவுதுங்களே, அதான் என்னமோ மாதிரி இருக்குது.”

பக்கத்துத் தெருவில் விசைத்தறி போட்டிருந்த குமாரசாமி கடையிலேயே உட்கார்ந்து முழுத் தட்டையும் கேட்டார். “தாளம் எங்க தறி மாதிரியே ஓடுது. நல்லா ஓடிட்டிருக்கறப்ப இழை அறுந்தாப்ல திடீர்னு நிக்குது. பக்குன்னுது. முடிச்சுப் போட ஆள் வரவேண்டாமா?” என்றார். ஃபேர்லேண்ட்ஸ் பகுதியிலிருந்து ஸ்கூட்டரில் வந்த கல்லூரி வாத்தியார் தட்டை இரவல் வாங்கிப் போய் இரண்டே நாளில் திருப்பினார். “அமெரிக்காக்காரன் பண்ணித் தீத்ததை இவர் இப்ப ஆரம்பிக்கறார்,” என்பதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பனமரத்துப்பட்டிக்கு மைக்செட் கட்டும் சின்னண்ணன் மட்டும் கடைக்குள் நுழையும்போதே கத்திக்கொண்டு வந்தார்.

“யோவ், மாரியம்மன் நோம்பிக்கு அம்மன் பாட்டுத்தானய்யா பதியச் சொன்னேன்! பாட்டு முடிஞ்சதும் ஸ்பீக்கர் புனல்ல ஒண்ணு ஊளையிடுது. ரெண்டு பொம்பளைங்களுக்கு அருள் வந்துருச்சு. எந்தச் சாமி வந்திருக்குதுன்னு பூசாரி கேக்கறான், அதுகளுக்கே தெரியல!”

சுவாமிநாதன் கைகூப்பி மன்னிப்புக் கேட்டு, அந்தக் கேசட்டை வாங்கி அழித்து, நல்ல பாட்டாகப் பதிந்து கொடுத்தார். அன்றோடு அந்த வேலையை நிறுத்தியும் விட்டார். அம்மன் கோவித்துக்கொள்ள மாட்டாள் என்று அவருக்குத் தெரியும். சின்னண்ணன் கோவித்துக்கொண்டதில் நியாயம் இருந்தது.

ஆனால் போன கேசட்டுகள் போனவைதான். ஆடி பிறந்த வாரத்தில் மோகனூரிலிருந்து பாப்பாயி வந்தார். மகளைச் சேலத்தில் கட்டிக் கொடுத்திருந்த அம்மாள். கையில் கேசட்டு.

“இதுல கடைசீல கூப்புடறானே, அவன் யாரு சாமி?”

“அது இசைங்கம்மா. சாக்சபோன்னு ஒரு வாத்தியம்.”

“வாத்தியமோ வாயோ, கூப்புடறது தெரியுதில்ல? எங்க ஆத்துல அக்கரைல நின்னு ஒருத்தன் ‘ஏ பரிசலோவ்’னு கூப்புட்டா, இக்கரைக்காரன் ‘ஓவ்’னு ஒரு சத்தம் குடுக்கோணும். வர முடிஞ்சாலுஞ் செரி, வர முடியாட்டியுஞ் செரி. ஆத்துல வெள்ளம் போனாலும் சத்தம் குடுக்கோணும். அப்பத்தான நிக்கறவன் நிக்கறதா, ஊட்டுக்குப் போறதான்னு முடிவு பண்ணுவான்? இதுல கூப்புட்டுக் கூப்புட்டு ஓயறான், ஒருத்தனும் வாயத் தொறக்கலையே. இதென்னங்க பாவம்!”

சுவாமிநாதன் கேசட்டை வாங்கி மேஜைமேல் வைத்தார்.

வாயைத் திறக்காத அந்த ஒருத்தன் அவர்தான்.

ஒன்பது வருடத்துக்கு முன் அவரும் அப்புசாமியும் ஒரே மெல்லிசைக் குழுவில் இருந்தார்கள். சுவாமிநாதன்தான் பாடகர். மோகனூரில் ஒரு கச்சேரியில், உச்சத்துக்கு ஏறிய இடத்தில் அவர் குரல் உடைந்தது. விசில் சத்தம் கிளம்புவதற்குள் ஆர்கனுக்குப் பின்னாலிருந்த அப்புசாமி காலை நீட்டி ஆம்ப்ளிபயர் வயரைப் பிடுங்கிவிட்டார். மேடையே ஊமையானது. “என் கால் பட்டுப்போச்சுங்க,” என்று குழுத் தலைவரிடம் தலைகுனிந்து நின்றார். சொந்த ஊர் ஜனங்கள் பார்க்கத் திட்டு வாங்கினார். அந்த வருடம் முழுக்க அவரைக் குழுவில் சேர்க்கவில்லை. சுவாமிநாதன் பக்கத்திலேயே நின்றிருந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் பிறகு அவர் பாடவும் இல்லை.

போன வருடம் அப்புசாமி இதே கடைக்கு வந்தார். “பெங்களூருக்கு வா சாமிநாதா. ஆத்துல சத்தம் குடுக்கறாப்ல ஒரு ‘ஓவ்’, அவ்வளவுதான். அந்த எடத்துக்கு உன் குரல்தான் வேணும்,” என்றார். கடை வேலை இருக்கிறது என்று சொல்லி சுவாமிநாதன் அனுப்பிவிட்டார். வேறு யாரையாவது பாடவைத்திருப்பார் என்றுதான் நினைத்திருந்தார். தட்டு வந்த பிறகுதான் தெரிந்தது, அந்த இடம் அப்படியே காலியாக இருக்கிறது என்று.

சொன்னபடி ஆடித் திருவிழாவுக்கு அப்புசாமி வந்தார். ஆர்கன் பெட்டியும் கூடவே வந்தது. சுவாமிநாதன் எதையும் மெழுகவில்லை. பானட்டைத் தூக்கிய கதைக்கு அப்புசாமி சிரித்தார். அருள் வந்த கதைக்குக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். வாத்தியார் சொன்னதற்கு, “அதுவும் மெய்தான்,” என்றார். பாப்பாயி சொன்னதைக் கேட்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. சுவாமிநாதன் முகத்தை அவர் பார்க்கவில்லை. விற்கச் சொல்லிக் கடையில் கொடுத்திருந்ததில் விற்காமல் கிடந்த தட்டுகளைப் பெட்டியில் அடுக்கிச் சணலால் கட்ட ஆரம்பித்தார்.

“அந்தம்மா சொன்னது செரி. பதில் வராத எடத்துல எத்தன நாளைக்குத்தான் நிக்கறது? பொட்டிய காலைல வந்து எடுத்துக்கறேன். ஆர்கன் இங்கயே கெடக்கட்டும். வாசிக்கறவங்க யாராச்சும் கேட்டா குடுத்துரு.”

அன்று மாலை சேலத்தின் குகைப் பகுதியில் வண்டி வேடிக்கை. சாமி வேஷம் கட்டியவர்களை ஏற்றிக்கொண்டு ஜோடித்த வண்டிகள் வரும்; ஊரே அங்கே இருக்கும். சுவாமிநாதனின் மனைவி தெய்வநாயகி குழந்தையோடு கிளம்பினாள்.

“நீங்க வரலீங்களா?”

“கடை வேலை இருக்குது.”

சொன்ன பிறகுதான் அது போன வருடம் அப்புசாமியிடம் சொன்ன அதே வார்த்தை என்று உறைத்தது. அப்புசாமி சௌந்திரத்தைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு நடந்தார்.

தெரு காலியானது. தறிச் சத்தம்கூட இல்லை. சுவாமிநாதன் ஷட்டரை இறக்கினார். உட்கார்ந்தார், எழுந்தார், ஒரு கேசட்டைத் துடைத்தார், திரும்பவும் உட்கார்ந்தார். பிறகு முருகன் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, தட்டின் இசையும் மைக்கின் குரலும் ஒரு வெற்றுக் கேசட்டில் ஒன்றாக விழும்படி வயர்களை மாற்றிச் செருகினார். இசைத்தட்டைச் சுழலவிட்டார்.

சாக்சபோன் கூப்பிட்டது. இசை அடங்கியது. அந்த இடைவெளியில் அவர் வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. தட்டு அவருக்காகக் காத்திருக்கவில்லை. மறுபடி கூப்பிட்டது. இந்த முறை குரல் வந்தது. “ஓ...வ்.” ஏறும்போது, ஒன்பது வருடத்துக்கு முன் உடைந்த மாதிரியே உடைந்தது.

நாடாவைப் பின்னுக்கு ஓட்டி அழிக்கப் போன கை நின்றது. ஆற்றங்கரையில் நிற்கிறவன் குரல் இனிமையாக இருக்கிறதா என்றா பார்ப்பான்? ஆள் இருக்கிறதா என்றுதானே பார்ப்பான். கடவுள் நம்மிடம் கேட்பதும் பெரும்பாலும் இவ்வளவுதான். நாம்தான் சுருதி சேரவில்லை என்று சாக்குச் சொல்லிக்கொண்டு காலத்தைக் கடத்துகிறோம்.

அவர் மைக்குக்கு அருகில் இன்னும் ஒரு அடி நகர்ந்தார். அடுத்த அழைப்புக்கு வயிற்றிலிருந்து குரல் கொடுத்தார். அதற்கடுத்ததற்கும் கொடுத்தார். உடைந்ததை அழிக்கவில்லை.

பதினைந்து நாள் கழித்து அப்புசாமி மோகனூரிலிருந்து வந்து ஆர்கனைத் தூக்கிக்கொண்டு பெங்களூர் பஸ் ஏறினார். அன்றைக்கும் இருவரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அது பின்னால் நடந்தது.

இந்த மாலையில், கடைக்குள் சுவாமிநாதனைத் தவிர யாரும் இல்லை. கேசட்டில் பெயர் எதுவும் எழுதாமல் எடுத்துக்கொண்டு, பெட்டியின் சணலை அவிழ்த்தார். தட்டுகளுக்கு மேலே, பிரித்ததும் கையில் படுகிற இடத்தில் வைத்தார். அப்புசாமி எப்படிக் கட்டியிருந்தாரோ, அதே மாதிரி இரண்டு சுற்றுச் சுற்றி, அதே முடிச்சைப் போட்டார்.