கம்பிக்குப் பூசிய எண்ணெய்

நூறாண்டு கடந்தும் நிமிர்ந்து நிற்கும் என்று செவ்வந்தி நகர் குடியிருப்போர் சங்க மண்டபத்தின் பேனரில் தமிழிலும் கன்னடத்திலும் அச்சிட்டிருந்தார்கள். அதன் முகப்புக் கூரை நின்றது பதினெட்டு நாள். அதுவும் அடியில் கொடுத்திருந்த முட்டுக்கால்களின் தயவில்.

கான்கிரீட் போடும் நாளுக்குச் சிறப்பு விருந்தினர், ஷாமியானா, டிரோன் கேமரா என்று சங்கத் தலைவர் சென்னிமலை எல்லாவற்றையும் ஏற்பாடு செய்திருந்தார். ஆடி மழையை மட்டும் அவர் அழைக்கவில்லை. அது இரண்டு வாரமாகவே வந்து மைசூரில் தங்கியிருந்தது. கட்டி வைத்த கம்பிகள் நனைந்து செம்பழுப்பாகிவிட்டன. பலகைகளுக்கு நடுவே தண்ணீர் தேங்கிக் கிடந்தது.

"என்னப்பா இது, வீடியோவுல பழைய இரும்புக் கடை மாதிரி தெரியுமே" என்றார் சென்னிமலை, காலை எட்டு மணிக்கு வந்து பார்த்துவிட்டு.

பொறியாளர் லூர்துராஜுக்குச் சுருக்கென்றது. விசிட்டிங் கார்டில் பெயருக்குக் கீழே மூன்று வரிக்குப் பட்டம் போட்டுக்கொண்டவர். பலகையில் கான்கிரீட் ஒட்டாமல் இருக்கப் பூசும் எண்ணெய் டப்பா அவர் கண்ணில் பட்டது.

"மேஸ்திரி, துணியில தொட்டு கம்பிக்கெல்லாம் ஒரு கை தடவு. பளபளன்னு வந்துரும்."

கம்பி கட்டும் மேஸ்திரி பழனிமுத்து, எல்லையோரக் கௌதள்ளி ஊர்க்காரர். டப்பாவைத் தொடவில்லை. "சார், இந்தத் துரு ஒண்ணும் பண்ணாதுங்க. பொருக்கு வுட்டத மட்டும் தேச்சு உதுத்துட்டு, தண்ணிய வடிச்சுட்டு நாளைக்குப் போடலாங்க. எண்ணெ பட்டா காங்கிரீட்டு கம்பியப் புடிக்காதுங்களே."

"நீ எந்த காலேஜ்ல படிச்ச மேஸ்திரி?"

"அப்பிடிக் கேட்டாப் பதில் இல்லீங்க. கம்பிக்கு நான் படிக்கலேன்னு தெரியாதுங்க."

சுற்றி நின்ற சித்தாள்கள் சிரித்தார்கள். லூர்துராஜுக்கு அது போதும். நாலு பேர் சிரித்த பிறகு எந்த யோசனையையும் அவர் ஏற்பதில்லை.

"ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடு, மேஸ்திரி. கொஞ்சம் அனுசரிச்சுப் போ. பத்தரைக்கு கெஸ்ட் வர்றாங்க."

பழனிமுத்து தடவினார். அங்கேயே சித்தாளாக இருந்த அவர் மனைவி மாதம்மா டப்பாவைப் பிடித்துக்கொண்டாள். தேங்கிய நீரில் எண்ணெய் வண்ண வண்ணமாகப் படர்ந்தது. அதன் மேலேயே கான்கிரீட் விழுந்தது. வீடியோவில் கம்பிகள் பிரமாதமாக மின்னின. பழனிமுத்து சொன்னது கல்லூரியில் தான் தேர்வெழுதிய பாடம் என்பது கைதட்டலின் நடுவே லூர்துராஜுக்கு ஞாபகம் வந்தது. கைதட்டல் முடிவதற்குள் மறந்தும் போயிற்று.

பதினெட்டாம் நாள் முட்டுக்கால்களை உருவினார்கள். கடைசி முட்டுக்காலை எடுத்தபோது கூரை மடங்கி இறங்கியது. மற்றவர்கள் வெளியே பாய்ந்தார்கள். பழனிமுத்து அடியில் இருந்தார். பாளங்களைத் தூக்கியபோது உருவிக்கொண்டு வந்த கம்பிகளில் ஒரு பொட்டுச் சிமென்ட்கூட ஒட்டியிருக்கவில்லை. அதன் அர்த்தம் அங்கே இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருவர் இறந்திருந்தார்.

பிணவறை வாசலில் சென்னிமலை லூர்துராஜிடம் தாழ்ந்த குரலில் வழி சொன்னார். "போலீஸ்ல, மேஸ்திரி கம்பியச் சரியாக் கட்டலேன்னு எழுதிக் குடுத்துரு. அவன் என்ன வந்து இல்லைன்னா சொல்லப் போறான்?"

பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்த மாதம்மாவுக்கு அது கேட்டுவிட்டது.

"எங்கூட்டுக்காரரு தப்பாக் கட்டிப்போட்டாருங்களா சார்? ஊர்ல கேட்டா அப்பிடித்தான் சொல்லோணுங்களா?"

லூர்துராஜ் அவளெதிரே குந்தி உட்கார்ந்தார்.

"இல்லம்மா. அவர் கட்டினது சரி. எண்ணெ வேணாம், தண்ணிய வடிக்கணும்னு சொன்னதும் சரி. மழையும் கொல்லல, துருவும் கொல்லல. வேலை தெரிஞ்சவர் சொன்னத, படிக்காதவர்னு நான் தள்ளினேன் பாருங்க, அதுதான் கொன்னுச்சு. படிச்சவன் நாலு பேர் முன்னால தன் தப்ப ஒத்துக்க வெட்கப்பட்டா, அந்த வெட்கத்துக்கு அடியில நிக்கறவன்தாம்மா சாகறான்."

"லூர்து, உனக்குப் பைத்தியமா?" என்றார் சென்னிமலை.

லூர்துராஜ் காவல் நிலையத்துக்கு நடந்தார். மாதம்மாவும் கூடவே போனாள். தன் பெயர், பட்டங்கள், தான் செய்த தவறு என்று ஒன்றையும் ஒளிக்காமல் ஒன்றரைப் பக்கம் எழுதிக் கொடுத்தார். வாங்கிப் படித்த ஏட்டு ஓரிடத்தில் விரல் வைத்துக் காட்டினார். இறந்தவர் பெயர் வரவேண்டிய இடத்தில் 'மேஸ்திரி' என்று இருந்தது.

நான்கு வருடம் தன்னோடு வேலை செய்தவரின் பெயரை லூர்துராஜ் மாதம்மாவிடம் கேட்டுத்தான் எழுதினார்.