மூன்று பேர் பேசும் வசதி

...கேட்கவில்லை, சத்தமாகப் பேசுங்கள் என்று இன்று மட்டும் எத்தனை முறை சொல்லியிருப்பாள், தொண்டை வறண்டு முள்ளாகக் குத்துகிறது, ஆனாலும் அம்சவேணியால் காதில் மாட்டிய அந்த வளையத்தைக் கழற்ற முடியாது, கழற்றினால் உடனே போர்டில் ஒரு மூடி படக்கென்று விழும், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று அர்த்தம். பத்து அறைக்கென்று வெள்ளைக்காரன் காலத்தில் செய்த டெலிபோன் போர்டு இது, பத்து துளை, பத்து மூடி, பிளக்கைச் செருகினால் குரல் கணீரென்று போகும்... போய்க்கொண்டுதான் இருந்தது. ஆந்திராவுக்கும் மெட்ராசுக்கும் எல்லை பிரிக்கிற வேலைக்காகச் சித்தூரில் இந்த ஆபீசைத் திறந்தார்கள், புது ஆபீசர் வந்தார், ஐதராபாத்தில் பார்த்தாராம், சித்தூரில் ஒருவர், திருப்பதியில் ஒருவர், புத்தூரில் ஒருவர் என்று மூன்று பேர் ஒன்றாகப் பேசலாமாம். முதலில் அதைச் சேர்த்தார்கள். பிறகு ஆபீசர் வீட்டுக்கு ஒரு கிளை. பிறகு அவர் மேசையில் ஒரு பொத்தான், அழுத்தினால் எல்லா அறையிலும் மணி அடிக்கும். பிறகு வாத்தியார்கள் மாற்றலைப் பார்க்கிற செக்‌ஷன் தலைவர் கிருஷ்ணப்பாவுக்கு ஒரு நேர் லைன், வெளியூர்க்காரர்கள் போர்டைக் கேட்காமலே அவரோடு பேசிக்கொள்ள. பாட்டரி மட்டும் அதே பழைய பாட்டரி. ஒயர் இழுக்க வந்த மெக்கானிக் வேதாச்சலம் டேப்பைப் பல்லால் கடித்துக்கொண்டே சொன்னார், "சேக்கச் சொன்னாங்க, சேத்துட்டேம்மா, ஓடற வரைக்கும் ஓடும்." பாகாலா ரயிலுக்கு நேரமாகிறது என்று போய்விட்டார், ஓடாதபோது ஏச்சு வாங்க இவள் இருக்கிறாளே.

ஒவ்வொரு புது வசதியும் பழசிலிருந்து கொஞ்சம் பிடுங்கிக்கொள்கிறது, ஆபீசர் மணியை அழுத்தினால் எல்லார் குரலும் நூலாக இளைத்துவிடுகிறது, திருப்பதிக்காரர் எல்லைக்கல்லைப் பற்றிக் கேட்டால் ஜீப்புக்கு டயர் இல்லை என்று வேறொருவர் பதில் சொல்கிறார், கடைசியில் யாருக்கும் கேட்காமல், "நீயே வாங்கிச் சொல்லும்மா" என்கிறார்கள். இவர் சொல்வதை அவருக்கு, அவர் சொல்வதை இவருக்கு, தெலுங்கில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை... நாளெல்லாம் மற்றவர்கள் பேச்சைப் பேசிவிட்டு வீட்டுக்குப் போனால் பெண்ணிடம் துன்னுட்டுப் படு என்பதற்கு மேல் வாய் வருவதில்லை. பெண்ணுக்கு அதுவும் பழகிவிட்டது, சனிக்கிழமை ரயிலில் நைனா வருவார், அவரோடு பேசிக்கொள்வாள். இவள் புருஷன் கோவர்த்தனன் திருத்தணிப் பக்கத்துப் பள்ளியில் தமிழ் வாத்தியார். கல்யாணம் ஆன நாளிலிருந்து இப்படித்தான், அவர் அங்கே, இவள் இங்கே. இப்போது திருத்தணி மெட்ராசுக்குப் போகிறது, வாத்தியார்கள் எந்தப் பக்கம் வேண்டுமோ கேட்கலாம், அவர் ஆந்திராவைக் கேட்டால் சித்தூருக்கே மாற்றல் கிடைக்கும், கேட்டுவிட்டார், பெண் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். போன வாரம் சாப்பிடும்போது மட்டும், "இங்க வந்தா தெலுங்குல பாடம் எடுக்கச் சொல்லுவாங்க, வேணி," என்றார். கத்துக்கினா போச்சு என்றாள். அவர் தட்டிலேயே கை கழுவினார்... அப்போது ஏன் நிமிர்ந்து பார்க்கவில்லை?

"அம்சவேணம்மா!" உள்ளறையிலிருந்து கிருஷ்ணப்பா கத்தினார். "நேர் லைன்ல எவரோ மாஸ்டர், ஒண்ணும் வினபட்லேது, கேக்கவே இல்ல. போர்டுல நீ கொஞ்சம் வாங்கிச் சொல்லு." நேர் லைன் என்று பெயர்தான், அதுவும் இந்தப் போர்டின் முதுகிலிருந்து உரித்த ஒயர்தானே. பிளக்கைச் செருகினாள். "போர்டுங்க. சொல்லுங்க." இரைச்சல், தூரத்தில் யாரோ மூச்சு விடுவது போல... பிறகு, "வேணியா?" என்றது.

முதலில் பெண்ணுக்கு ஏதோ என்று நினைத்தாள், பெண் சித்தூரிலல்லவா இருக்கிறாள், அவருக்கு என்ன தெரியும், பிறகுதான் புரிந்தது, இவள் காதுக்கு வராமல் போகட்டும் என்றே நேர் லைனில் கூப்பிட்டிருக்கிறார், அந்த நம்பரை யாரிடமோ விசாரித்து, தபாலாபீசில் டிரங்க் காலுக்குக் காத்திருந்து... "சாருக்குக் கேக்கலையாங்க. நீங்க சொல்லுங்க, நான் சொல்றேன்," என்றாள். தன் குரல் எப்போதும்போலவே இருந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "மாத்திக்கறேன்னு சொல்லு," என்றார். "மெட்ராஸ் பக்கமே இருந்துடறேன்னு. சனிக்கெழம வந்து உங்கிட்ட..." இவள் உள்ளறைப் பக்கம் திரும்பி, "கோவர்த்தனன், தமிழ் வாத்தியாருங்க. மெட்ராஸ் பக்கமே இருந்துக்கறாராம்," என்றாள். சனிக்கிழமையைச் சொல்லவில்லை, அது ஆபீசுக்குச் சம்பந்தமில்லாதது. கிருஷ்ணப்பாவுக்குப் பெயரிலும் ஒன்றும் தட்டுப்படவில்லை, எத்தனையோ வாத்தியார்கள், பேனா ஓடும் சத்தம்தான் கேட்டது. "சரி, மனுவுல ஃபேமிலி சித்தூர்னு போட்டிருக்கறாரே, அதையும் மாத்தணுமான்னு அடுகு, கேளு."

"குடும்பம் எங்க இருக்கும்னு கேக்கறாங்க," என்றாள் அவள் தன் புருஷனிடம். அந்த நேரம் பார்த்து ஆபீசர் பொத்தானை அழுத்தினார், எல்லா அறையிலும் மணி அடித்தது, புருஷன் குரல் இளைத்து இளைத்து... ஏதோ சொன்னார், நீளமாகவே சொன்னார், வா என்றாரா, வரமாட்டே என்றாரா, வேணி என்றது மட்டும் பிடிபட்டது, அதுகூட வேணும் என்பதாக இருக்கலாம். இன்னொரு முறை சொல்லுங்க என்று கேட்டிருக்கலாம், இன்றைக்கு எத்தனை பேரிடம் கேட்டிருக்கிறாள். "இன்னாம்மா சொல்றாரு?" என்றார் கிருஷ்ணப்பா. "சித்தூர்லயேங்க," என்றாள். மணி நின்றபோது லைன் அறுந்திருந்தது.

பிளக்கைப் பிடுங்கினாள். இரண்டு மூடிகள் சேர்ந்து விழுந்தன, திருப்பதி, ஆபீசர் வீடு, எடுக்க வேண்டும், கை போகவில்லை. இத்தனை காலம் ஒருவர் சொன்னதில் ஒரு சொல்லைக் கூட்டியதில்லை, இன்று சேர்த்தாள், அதுவும் கோபத்தில் இல்லை... கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாத்தியார் தெலுங்கில் பாடம் எடுக்க முடியாமல் நிற்பதை நினைத்தா, வருடமெல்லாம் ஒரே வீட்டில் அவரோடு இருப்பதை நினைத்தா, எதை நினைத்துச் சொன்னாள்? யோசிக்கவேயில்லையே. கேட்டதும் பட்டென்று வந்துவிட்டதே, வாயிலேயே வைத்திருந்தது போல... எப்போதிருந்து வைத்திருந்தாள்?