ஊட்டுக்காரம்மா

ஓவர்லாக் மெஷினில் நூல் கோக்க நான் தடுமாறியதைச் சூப்பர்வைசர் கதிர்வேல் பார்த்துவிட்டார். "கண்ணு தெரியலீங்களா? திங்கக்கிழமையிலிருந்து கைமடியா வந்துருங்க, செல்லத்தாயி. பீஸ் எடுத்துக் குடுத்தாப் போதுமுங்க" என்றார், வெகு மரியாதையாக. கல்யாணமாகி மானாமதுரைப் பக்கமிருந்து வந்த நாள்முதல் இந்தப் பனியன் கம்பெனியில் டெய்லர் நான். எனக்கு எடுபிடி வேலையாம்!

முடியாது என்று சொல்ல வாய் துடித்தது. ஆனால் வேலம்பாளையத்தில் நாங்கள் கட்டிய இரண்டு லைன் வீடுகளும் காலியாகக் கிடந்தன. யாராவது வாடகைக்குக் குடிவந்தால் தப்பித்தேன். இல்லாவிட்டால் கைமடிதான்.

கூட வேலை செய்தவர்கள் நகை வாங்கியபோது நான் செங்கல் வாங்கினேன். ஆர்டர் இல்லாவிட்டால் கம்பெனி கைவிரித்துவிடும். காய்ச்சலில் படுத்தால் சம்பளம் இல்லை. நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி பழனாயி அம்மாவோ வாடகைப் பணத்தில் காலை நீட்டி உட்கார்ந்தே சாப்பிட்டார். அதைப் பார்த்து எனக்கு அத்தனை வயிற்றெரிச்சல். யாராவது அவரைத் தேடி வந்தால், "அவுக இல்லையே" என்று பொய் சொல்லி அனுப்புவதும் குடியிருந்த எங்கள் வேலைதான்.

ஞாயிற்றுக்கிழமை, காலி வீட்டுத் தரையில் சிந்தியிருந்த சுண்ணாம்பைச் சுரண்டிப் பெருக்கிக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டது.

"ஏனுங்க, ஊட்டுக்காரம்மா இருக்கறாங்களா?"

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவுக இல்லையே, வெளிய போயிருக்காக."

பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. அதே வீட்டின் உள்ளறையில் படுத்திருந்த என் புருஷன் சோணைமுத்து அலறினார்: "அடிப் பாவி! வீட்டுக்காரம்மா நீதானடி!"

ஐயோ! விளக்குமாறும் கையுமாகத் தெருவில் ஓடினேன். "நில்லுங்க! நாந்தேன்! ஊட்டுக்காரம்மா நாந்தேன்!" இந்த ஊர்க்காரர்களின் 'ஊடு' என்ற சொல்லே என் வாயில் வந்தது. தெருவே எட்டிப் பார்த்தது. பார்க்கட்டும் என்று இன்னொரு தடவையும் கத்தினேன்.

பைக் திரும்பியது. ஹெல்மெட்டைக் கழற்றினால், கதிர்வேல்!

"செல்லத்தாயி... இது உங்க ஊடுங்களா?"

சொந்த ஊர் கொமரலிங்கத்திலிருந்து மனைவியை அழைத்து வர வீடு தேடுகிறாராம். குழாயைத் திறந்து பார்த்தார், ஜன்னலைத் திறந்து பார்த்தார். "பக்கத்து ஊட்டுக்கு என்ர மச்சான் வருவானுங்க" என்று அதையும் கேட்டார். இரண்டு வீட்டுக்கும் வாடகை! எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல இருந்தது. ஆனாலும் முகத்தைப் பழனாயி அம்மா மாதிரியே வைத்துக்கொண்டு இரண்டு சாவிகளையும் கொடுத்தேன்.

வாங்கிக்கொண்டவர் தயங்கினார். "நாளைக்குக் கைமடிக்கு வந்துருவீங்கல்லங்க?"

"கைமடியா?" என்றேன். "அவ இல்லையே. இங்க ஊட்டுக்காரம்மா மட்டுந்தேன் இருக்கா."