ஏறிய நேரம்

அலுவலகத்தில் அவளுக்கு 'சராசரி அக்கா' என்று பேர். படிவத்தில் எந்தக் கட்டம் காலியாக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு சராசரியைப் போட்டு நிரப்பிவிடுவாள். கேலி செய்தால், "காலியா விட்டா கணக்கு நொண்டும்ல?" என்பாள். ஆள் கெட்டிக்காரிதான். அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் வினையாக வந்து சேர்ந்தது.

காற்றுக் குழாயோடு கடலில் மூழ்கி மட்டி எடுக்கும் குளியாட்களின் பழைய படிவங்கள் அவை. இறங்கிய நேரம், ஏறிய நேரம், கூடையின் எடை, அவ்வளவுதான். எடையை நிமிடத்தால் வகுத்தால் எந்தப் படுகையில் மட்டி அதிகம் என்று தெரிந்துவிடும். ஏழாம் படுகையில் மூன்று வரிகளில் எடை இருந்தது, ஏறிய நேரம் இல்லை. எழுதின சோம்பேறியைத் திட்டிக்கொண்டே மூன்றுக்கும் நாற்பத்திரண்டு நிமிடம் என்று நிரப்பினாள். பத்து வருடமாக மூடிக் கிடந்த படுகை பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. அவள் அறிக்கையை நம்பி இன்று காலை அதைத் திறந்தும்விட்டார்கள். முதல் ஆளாக இறங்குகிறவன் அவள் தம்பி. அவனை விட்டால் அவளுக்கு வேறு யாரும் இல்லை.

பதினோரு மணிக்கு மேலதிகாரி சாவகாசமாகக் கேட்டார்: "அந்த மூணு வரிய எடுத்துட்டா என்ன வரும்?"

எடுத்துப் பார்த்தாள். ஏழாம் படுகை கடைசிக்குப் போய்விட்டது. படகில் எடை போடும் அண்ணனுக்கு போன் போட்டாள். அந்தப் படிவங்களை எழுதினவரும் அவர்தான்.

"அண்ணே, மூணு இடத்துல ஏன் நேரம் எழுதாம விட்டீங்க?"

"ஆள் மேல வந்தாத்தானேம்மா எழுத முடியும்? கயித்த இழுத்தா கூடை மட்டும் வந்துச்சு, ரொம்பி வழிஞ்சுக்கிட்டு. இன்னைக்குக் காலையிலயும் சொல்லிப் பாத்தேன். உங்க அறிக்கையக் காட்டி என் வாய அடைச்சுட்டாங்க."

அவள் படித்த படிப்பில் இதற்கு மூன்று வழி உண்டு. நிரப்பலாம், நீக்கலாம். அல்லது முடிவு தெரியாததை இன்னும் முடியவில்லை என்றே வைத்துக் கணக்குப் போடலாம். மூன்றாவதுதான் சரியான முறை, முதலாம் ஆண்டு மாணவனே சொல்லிவிடுவான். அப்படிப் பார்த்தால் அந்த மூன்று பேரும் பத்து வருடமாகக் கீழே மட்டி பொறுக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

"அண்ணே, தம்பிய உடனே ஏத்துங்க!"

"இறங்கி அஞ்சு நிமிஷம்கூட ஆகல..."

"உங்க கால்ல வேணா விழறேன், இழுங்க!"

கயிறு உரசும் சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர் சளசளத்தது. "வந்துட்டான்மா," என்றார் அண்ணன். "கூடையும் ரொம்பிப்போயிருக்கு. கெட்டிக்காரப் பய."

அவள் மேசையில் கவிழ்ந்து ஓவென்று அழுதாள். தம்பி போனை வாங்கியபோது அவன் பல் தந்தியடித்தது.

"அக்கா, நான் ஒரு மட்டியக்கூடத் தொடல. அவங்கதான் கூடைய நெரப்பினாங்க. அப்புறம் என் கையத் திருப்பி, ஒவ்வொருத்தரா வாட்ச்சுல மணி பாத்தாங்க."