முழங்கைக்குக் கீழே ஒரு தழும்பு

1880களில்தான் பிலடெல்பியாவில் எங்கள் பக்கத்து ஓவியப் பள்ளி, பெண்களும் உடையில்லாத உடம்பைப் பார்த்து வரையலாம் என்று மனது வைத்தது. வரைகிறவளுக்குக் கௌரவம் வந்துவிட்டது. காசுக்காக உடை களைந்து படுத்திருப்பவளுக்கு மட்டும் முகமூடி. ஊர் வாயை மூட முடியாதவர்கள் என் முகத்தை மூடினார்கள். டீலியா ரூர்க் என்ற என் பெயர்கூட அந்த வகுப்பில் யாருக்கும் தெரியாது.

அன்று ஒரு புதுப் பெண் பாஸ்டல் வண்ணக்கட்டிப் பெட்டியோடு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். லவீனியா. அடுத்த மாதம் நான் கட்டிக்கொள்ளப்போகும் எட்மண்டின் தங்கை. அவர்கள் அம்மாவுக்குத் தெரிந்தால் கல்யாணம் அன்றோடு சரி. அசையவும் கூடாது. முகமூடி இருக்கிறதே என்று மனதைத் தேற்றிக்கொண்டு சாய்ந்து கிடந்தேன்.

தோள், இடுப்பு, தொடை என்று மளமளவென்று வரைந்துகொண்டு வந்தவள், கையில் வந்து நின்றாள். முழங்கைக்குக் கீழே, சட்டைத் தொழிற்சாலையில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு. போன ஞாயிறு சாப்பாட்டு மேசையில் அதைத் தொட்டுப் பார்த்து, "ரொம்ப வலிச்சுதா?" என்று கேட்டவளே அவள்தான். தழும்பைப் பார்த்தாள், முகமூடியைப் பார்த்தாள். அவள் முகம் வெளுத்துவிட்டது.

இடைவேளை மணி அடித்ததும் அங்கியைப் போர்த்திக்கொண்டு அவளிடம் போனேன். படத்தில் தழும்பை விரலால் தேய்த்து அழித்திருந்தாள். பொம்மைக் கை மாதிரி வழவழவென்று இருந்தது.

"பயப்படாதீங்க," என்று கிசுகிசுத்தாள். "அழிச்சிட்டேன். இனிமே யாருக்கும் தெரியாது."

வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்திருக்க வேண்டும். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது.

"உடம்ப வரையறது உனக்குப் படிப்பு. படுத்திருக்கறது மட்டும் எனக்கு அசிங்கமா?"

"மெதுவாப் பேசுங்க. அம்மா காதுக்குப் போனா எல்லாம் போச்சு."

"போகட்டும். இன்னிக்கே எட்மண்ட்கிட்ட நானே சொல்லிடறேன். நான் வேண்டாம்னா அவன் என் மூஞ்சியப் பாத்துச் சொல்லட்டும்."

சொல்லிவிட்டேனே தவிர, அவனை இழக்க எனக்குக் கொஞ்சமும் மனமில்லை.

பக்கத்துப் பெண்கள் திரும்பிவிட்டார்கள். "யாருடீ இது? உனக்குத் தெரிஞ்சவளா?" என்று ஒருத்தி இளக்காரமாகக் கேட்டாள்.

லவீனியா பழுப்புக் கட்டியை எடுத்து, அழித்த இடத்தில் தழும்பை மறுபடி வரைந்தாள். அழுத்திய அழுத்தலில் கட்டி உடைந்தது. மீதித் துண்டால் வரைந்து முடித்தாள்.

"நேரமாச்சு," என்றாள், அறை முழுக்கக் கேட்கும்படி. "போய்ப் படுத்துக்கோங்க, அண்ணி."